ஓஸியா டியோவா: பிளாக் சபாத்தோட உச்சம் எதுன்னு நம்ம ஊர்ல ஏன் இன்னும் சண்டை ஓயல

2025 ஜூலை 22, பிளாக் சபாத்ங்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவோட முதல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்துட்டாரு, வயசு 76. அதுக்கப்புறம் கோலாலம்பூர்ல நம்ம தமிழ் ராக் ரசிகர்கள் எங்க கூடினாலும், செந்தூல் மாமாக் கடையா இருக்கட்டும், பிரிக்ஃபீல்ட்ஸா இருக்கட்டும், முதல்ல கொஞ்ச நேரம் எல்லாருக்கும் தொண்டை அடைச்சுக்கும், யாரு எந்தக் கேசட்ட பெட்டாலிங் ஸ்ட்ரீட்ல வாங்கினோம், யாரு யாருகிட்ட இரவல் வாங்கித் திருப்பித் தரலன்னு பேச்சு ஓடும், அடுத்த கிளாஸ் தே தாரிக் வர்றதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடும். பிளாக் சபாத்தோட உச்சம் ஓஸி பாடின காலமா, இல்ல ரோனி ஜேம்ஸ் டியோ வந்து பாடின காலமா. ஓஸிக்கு அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்துலயே டியோ பேரச் சொல்ல பாதிப் பேரு இருப்பாங்க, அதுல தப்பே இல்லன்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா இந்தச் சண்டை உண்மையில ரெண்டு பாடகர்களப் பத்தினது இல்ல, கிட்டார் முன்னாடி போகணுமா, குரலுக்கு வழி விடணுமாங்கிறதப் பத்தினது.

புதுசா கேக்குறவங்களுக்காக அடிப்படைய மட்டும் சொல்லிடுறேன். இங்கிலாந்துல பர்மிங்காம், அதுல ஆஸ்டன்னு ஒரு தொழிலாளர் வட்டாரம், ஃபேக்டரியும் ரெண்டாம் உலகப்போர் குண்டு விழுந்த காலி இடமுமா இருந்த ஏரியா. அங்க வளர்ந்த நாலு பசங்க 1968-ல ஒண்ணு சேர்ந்தாங்க. ஓஸி பாட்டு, டோனி அயோமி கிட்டார், கீஸர் பட்லர் பேஸ் கிட்டார், பில் வார்ட் டிரம்ஸ். முதல்ல ப்ளூஸ் வாசிச்சாங்க, 'எர்த்'னு ஒரு பேரு வெச்சிருந்தாங்க, அதே பேர்ல இன்னொரு குழு இருந்ததால 1969-ல பிளாக் சபாத்னு மாத்திக்கிட்டாங்க. ஓஸி அதுக்கு முன்னாடி மாடு வெட்டுற கூடத்துல வேலை பார்த்தவரு, திருட்டு கேஸ்ல சில வாரம் ஜெயில்ல இருந்தவரு. சங்கீதம் படிச்ச ஆளு ஒருத்தர்கூட அந்த நாலு பேர்ல கிடையாது.

இப்ப விரல் கதைக்கு வருவோம், ஏன்னா மொத்த ஹெவி மெட்டலும் அங்கதான் ஆரம்பிக்குது. அயோமிக்கு 17 வயசு, இரும்புத் தகடு வெட்டுற ஃபேக்டரில வேலை, அன்னைக்குத்தான் வேலைல கடைசி நாள், மெஷின்ல வலது கை மாட்டி நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போயிடுச்சு. அவரு இடது கைப் பழக்கம், அதனால கம்பிய அழுத்துறதே அந்த வலது கைதான், வேற யாரா இருந்தாலும் அத்தோட கிட்டார மூட்டை கட்டி வெச்சிருப்பாங்க. அப்ப அவரோட ஃபேக்டரி மேனேஜர் வந்து ஜாங்கோ ரெயின்ஹார்ட்டோட ரெக்கார்ட போட்டுக் காட்டினாரு, தீ விபத்துல ரெண்டு விரல் முடங்கியும் வாசிச்ச கிட்டார் மேதை அவரு. அயோமி என்ன பண்ணாருன்னா, பாத்திரம் கழுவுற சோப்பு வர்ற பிளாஸ்டிக் பாட்டில உருக்கி, உருண்டையாக்கி, சூடான சால்டரிங் கம்பியால அதுல ஓட்டை போட்டு, விரல் நுழையுற அளவுக்கு உப்புத்தாள்ல தேய்ச்சு, மேல பழைய ஜாக்கெட்டோட தோல வெட்டி ஒட்டிக்கிட்டாரு. அந்தத் தொப்பிய மாட்டினா விரலுக்குக் கம்பி தெரியாது, உணர்ச்சியே இருக்காது, எவ்வளவு அழுத்துறோம்ங்கிறத காதாலதான் கண்டுபிடிக்கணும். தடிச்ச கம்பி வலிக்கும்னு மெல்லிசான பாஞ்சோ கம்பியக்கூட எடுத்துப் போட்டுப் பார்த்தாரு. பெரிய பெரிய கார்ட் எல்லாம் பிடிக்கிறது கஷ்டம், அதனால ரெண்டு மூணு ஸ்வரத்துலயே மொத்த கனத்தையும் கொண்டு வர்ற மாதிரி வாசிக்கக் கத்துக்கிட்டாரு.

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்துச்சு. கிட்டத்தட்ட ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணி முடிச்சாங்க, மேடைல வாசிக்கிறத அப்படியே ஸ்டுடியோல வாசிச்சிட்டுப் போனாங்க. போட்டதும் மழை, இடி, தூரத்துல கோயில் மணி, அப்புறம் திடீர்னு அந்த மூணு ஸ்வரம். நம்ம கணக்குல சொன்னா கீழ் ஸ, மேல் ஸ, நடுவுல வந்து நிக்கிற பிரதி மத்தியமம், அவ்ளோதான். பிரதி மத்தியமம் நமக்கு ஒண்ணும் பயங்கரமான ஸ்வரம் இல்ல, கல்யாணி ராகம் முழுக்க அதுதான், கல்யாண வீட்டுல நாதஸ்வரத்துல கேட்டு வளர்ந்த ஸ்வரம். ஆனா கல்யாணில அதுக்கு முன்னாடி காந்தாரம் இருக்கும், பின்னாடி பஞ்சமம் இருக்கும், சாஞ்சிக்க இடம் இருக்கும். அயோமி சுத்தி இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு அந்த ஸ்வரத்த மட்டும் தனியா நடுத்தெருவுல நிக்க வெச்சாரு, வெச்சதும் இல்லாம அத நடுங்கவும் வெச்சாரு. அதுக்கு மேல ஓஸி ரொம்பச் சின்ன குரல்ல, பயந்தவன் மாதிரி ஆரம்பிக்கிறாரு. எத்தன தடவ கேட்டாலும் எனக்கு முதுகுத்தண்டுல ஒண்ணு ஓடும்.

அதே வருஷம் செப்டம்பர்ல 'பாரனாய்ட்'. இங்கிலாந்துல முதல் இடம் போன ஆல்பம். தலைப்புப் பாட்டு ஆல்பத்துல இடம் காலியா இருக்குன்னு கடைசி நேரத்துல அவசர அவசரமா போட்டது, அதுதான் உலகம் பூரா போய்ச் சேர்ந்துச்சு. ஆல்பத்துக்கு முதல்ல 'வார் பிக்ஸ்'னு வேற பேரு வைக்கறதா இருந்தாங்க, வியட்நாம் போர் நடந்துட்டு இருந்த சமயம், பேர மாத்திட்டாங்க, அட்டைல கத்தியும் கேடயமுமா நிக்கிற ஆளு மட்டும் பழைய பேருக்கு ஏத்த மாதிரி அப்படியே நின்னுட்டாரு.

1971-ல 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', எனக்குப் பெரிய விஷயம் இதுதான். விரல் வலிக்குதுன்னு அயோமி கிட்டாரோட சுதிய மூணு அரைப்படி இறக்கிட்டாரு, கம்பி தொளதொளன்னு ஆயிடுச்சு, வளைக்கச் சுலபம், ஆனா கூடவே சத்தம் பூமிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுச்சு. செந்தூல்ல கிட்டார் வாசிக்கிற ஒரு அண்ணன் இத எனக்கு நேர்லயே காட்டினாரு. ஆம்ப்ளிஃபையர் எதுவும் இல்ல, வெறும் கிட்டார், முதல்ல சாதாரண சுதில அந்த ஆல்பத்தோட ஒரு ரிஃப்ப, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்ட, வாசிச்சாரு, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு கம்பியா திருகி இறக்கிட்டு மறுபடி அதையே வாசிச்சாரு, தடிச்ச கம்பி மரத்துல பட்டுப் பட்டு அதிர்றது கண்ணுக்கே தெரிஞ்சுச்சு, ஸ்வரம் விரல விட்டு நழுவி நழுவி வருது. பத்துமலை தைப்பூசத்துல உருமி மேளம் பக்கத்துல வந்தா அந்த வளைஞ்ச குச்சிய தோல்ல இழுக்கும்போது ஒரு முனகல் வருமே, வயித்துக்குள்ள போய் உக்காருமே, அதுதான் எனக்கு அந்த நிமிஷம் தோணுச்சு. நம்ம பசங்களுக்கு சபாத் ஏன் முதல் தடவைலயே பிடிச்சுப் போகுதுங்கிறதுக்கு எங்கிட்ட இருக்கிற ஒரே விளக்கம் அதுதான், அந்தக் கீழ் சத்தம் நமக்கு சாமி வர்ற சத்தம், புதுசு இல்ல.

சரி, ஓஸி. அவரு பெரிய பாடகரான்னு கேட்டா, வழக்கமான அர்த்தத்துல இல்ல. மூக்கால வர்ற குரல், ரேஞ்ச் கம்மி, ஸ்டுடியோல அதே வரிய ரெண்டு தடவ பாடி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுதான் தடிமன் ஏத்துவாங்க. ஆனா கவனிச்சுப் பாருங்க, 'அயர்ன் மேன்'ல கிட்டார் எங்க போகுதோ குரலும் சரியா அங்கயே போகுது, ஏறுற இடத்துல ஏறி இறங்குற இடத்துல இறங்கி. கர்நாடகக் கச்சேரில பாடுறவங்க பின்னாடி வயலின் போகும், இங்க தலைகீழ், கிட்டார் முன்னாடி போகுது, பாட்டு பின்னாடி வருது. இதத்தான் டியோ கட்சிக்காரங்க குறையாச் சொல்லுவாங்க, சொந்தமா மெட்டு போடத் தெரியாதவருன்னு. நான் சொல்றது வேற, ரிஃப் மேல அலங்காரம் பண்ணாம அதோட சேர்ந்து நடக்க ஒரு மனுஷக் குரல் வேணும், பயமும் பைத்தியமும் நடிப்பா தெரியாத குரல் வேணும், அது ஓஸிகிட்ட இருந்துச்சு. வரிகள் பெரும்பாலும் கீஸர் எழுதினது, இந்த அஞ்சலிப் பேச்சு எல்லாத்துலயும் அவரோட பேரு காணாமப் போறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. போரு, மனச்சோர்வு, போதை, உலகம் அழியுற பயம் எல்லாம் பேஸ் வாசிச்சவரு எழுதினது, அத தன் வாழ்க்கை மாதிரியே பாடினது ஓஸி.

'வால்யூம் 4' 1972, லாஸ் ஏஞ்சலஸ்ல பண்ணது, அவங்க தங்கியிருந்த வீட்டுல பாட்டவிட போதைதான் அதிகம் ஓடுச்சு, இருந்தும் ஆல்பம் தப்பிச்சது. 1973-ல 'சபாத் ப்ளடி சபாத்', அயோமிக்கு ரிஃப்பே வராம முழிச்சு, ஒரு பழைய கோட்டைல போய் உக்காந்து கண்டுபிடிச்சது. 1975-ல 'சபோட்டாஜ்', பழைய மேனேஜரோட வழக்கு நடந்துட்டு இருக்கும்போதே பண்ணது, அந்தக் கோபம் கேக்கும். அப்புறம் வந்த ரெண்டு ஆல்பத்துக்கு நான் வாதாட மாட்டேன். 1979-ல ஓஸிய அனுப்பிட்டாங்க.

இப்ப டியோ. அமெரிக்காக்காரரு, கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோரோட ரெயின்போ குழுல பாடி ஏற்கனவே பேரு வாங்கினவரு, அளவுல சின்ன மனுஷன், குரல் கோபுரம். 1980 ஏப்ரல்ல 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்துச்சு. இங்கதான் நான் முதல்ல சொன்ன விஷயம் வருது, பாடகர் மாறினதும் கிட்டாரே மாறிடுச்சு. தலைப்புப் பாட்ட எடுத்துக்கங்க, ஆரம்பத்துல ரிஃப் வந்து இடத்தப் பிடிக்கும், ஆனா டியோ வாயத் திறந்ததும் அயோமி ஒதுங்கிடுறாரு, பேஸும் டிரம்ஸும் மட்டும் கீழ ஓடிட்டு இருக்க மேல குரல் தனியா நடக்குது, மெட்டு குரலோடது, கிட்டாரோடது இல்ல. கடைசில வேகம் பிடிச்சு ஓடுறப்ப கேட்டா புது வயசு வந்த குழு மாதிரி இருக்கும். வரிகளையும் டியோவே எழுத ஆரம்பிச்சாரு, ராஜா, வானவில், மந்திரம்னு. கீஸரோட தெருவும் போரும் போயிடுச்சு. 1981-ல 'மாப் ரூல்ஸ்', அதுக்குள்ள பில் வார்ட் விலகி வின்னி அப்பீஸ் டிரம்ஸுக்கு வந்துட்டாரு. 1982-லயே டியோவும் கிளம்பிட்டாரு. எண்ணிப் பார்த்தா அந்த முதல் சுத்துல ரெண்டே ரெண்டு ஸ்டுடியோ ஆல்பம்தான், ரெண்டுல இவ்ளோ பேர தன் பக்கம் இழுத்தாருன்னா அந்தக் குரலோட சக்தி என்னன்னு பாத்துக்கங்க. நாம எல்லாரும் கச்சேரில தூக்கிக் காட்டுற அந்தக் கொம்பு கைச்சாடையும் அவரு பரப்பினதுதான், இத்தாலியப் பாட்டிகிட்ட பார்த்ததுன்னு அவரே சொல்லியிருக்காரு. 1992-ல ஒரு ஆல்பத்துக்கு திரும்பி வந்தாரு, 2009-ல குழுவுக்கே 'ஹெவன் அண்ட் ஹெல்'னு பேரு வெச்சு இன்னொரு ஆல்பம், 2010 மே மாசம் வயித்துப் புற்றுநோய்ல போயிட்டாரு.

நம்ம ஊர்ல அம்பது வயசு தாண்டின ரசிகர்கள்ல டியோ கட்சி இவ்ளோ பலமா இருக்கிறதுக்கு ஒரு உள்ளூர்க் காரணம் இருக்குன்னு எனக்குப் படுது. அவங்க ராக்குக்குள்ள வந்த வாசலே ரோக் கப்பாக், அதாவது எண்பதுகளோட மலாய் ராக். சர்ச் (Search), விங்ஸ் குழுங்க எல்லாம் கொடி கட்டிப் பறந்த காலம், 1989-ல சர்ச்சோட 'இசபெல்லா' வந்தப்ப மலாய்க்காரங்க, தமிழங்க, சீனவங்கன்னு பார்க்காம ஒலிச்ச காலம், செந்தூல்லயும் கிள்ளான்லயும் தமிழ்ப் பசங்க டைட் ஜீன்ஸும் நீள முடியுமா லெப்பாக் அடிச்ச காலம். 1992-ல நீள முடி பாடகர்கள அரசாங்க டிவி ஆர்டிஎம்-ல காட்டக்கூடாதுன்னு தடை வந்துச்சு, சர்ச் பாடகர் ஏமி, விங்ஸ் பாடகர் ஆவி (Awie) மாதிரி பெரிய ஸ்டாருங்களே முடிய வெட்ட வேண்டியதாச்சு, அது வரைக்கும் அந்த முடிதான் இவங்களுக்கு அடையாளம். அந்தப் பாட்டுங்கள்ல குரல்தான் ராஜா, உச்ச ஸ்தாயில போய் நிக்கணும், அழணும், கிட்டார் அந்தக் குரலுக்கு வழி விடணும். அந்தக் காதோட போய் சபாத்த கேட்டா டியோ உடனே சொந்தக்காரரு ஆயிடுவாரு, ஓஸி ஏதோ கத்துக்குட்டி மாதிரித் தெரிவாரு. அவங்க ரசனைல குறை இல்ல, காது அப்படிப் பழகியிருக்கு.

இன்னைக்கு இருபது முப்பது வயசுல இருக்கிற பசங்க வந்த வழி வேற. சுதி இறக்கின கிட்டார், மெதுவான தாளம், குரல் சத்தத்துக்குள்ள புதைஞ்சு போற இசை, இதெல்லாம் கேட்டுட்டு அப்புறம் பின்னாடி போய் 1971-அ கண்டுபிடிக்கிறாங்க, கண்டுபிடிச்சதும் இதுதான் எல்லாத்துக்கும் தாய்னு புரிஞ்சு போகுது. அம்கார்ப் மால்ல வார இறுதிச் சந்தைல பழைய ரெக்கார்ட் தேடுற பசங்கள பார்த்திருக்கேன், 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' கைல கிடைச்சா விலைகூடக் கேக்காம நெஞ்சோட அணைச்சுக்குவாங்க.

மத்த காலங்களப் பத்தி வேகமா சொல்லிட்டுப் போயிடுறேன். 1983-ல டீப் பர்ப்பிள் குழுவோட பாடகர் இயன் கில்லன் ஒரு ஆல்பம், 1986-ல க்ளென் ஹியூஸ் ஒரு ஆல்பம், ரெண்டுலயும் நல்ல பாட்டு இருக்கு, குழுவாத் தெரியல. டோனி மார்ட்டின் மட்டும் தனி, 1987-ல இருந்து 1995 வரைக்கும் அஞ்சு ஸ்டுடியோ ஆல்பம் பாடியிருக்காரு, ஓஸிக்கு அடுத்து அதிக ஆல்பம் அவருதான், ஆனா பல வருஷம் அதுல நாலு ஆல்பம் கடைலயும் இல்ல, ஸ்ட்ரீமிங்லயும் ஒழுங்கா இல்ல. 2024-ல அந்த நாலும் பெட்டித் தொகுப்பா திரும்ப வந்ததும்தான் நம்மள்ல நிறையப் பேரு அதுல ஒண்ணான 'ஹெட்லெஸ் கிராஸ்'அ முழுசா கேட்டாங்க. அந்த மனுஷனுக்கு நடந்தது அநியாயம், கேக்காமலேயே தள்ளிட்டோம்.

இன்னொரு கட்சியும் உண்டு, ஓஸி தனியா போனதுக்கப்புறம் பண்ணதுதான் உச்சம்னு. 1980 ஏப்ரல்ல சபாத் டியோவோட வர்றாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல ஓஸி, கிட்டார்காரர் ராண்டி ரோட்ஸோட 'ப்ளிஸார்ட் ஆஃப் ஓஸ்' கொண்டு வர்றாரு, பிரிஞ்சதால ரெண்டு பக்கமும் உயிர் வந்துச்சுங்கிறது உண்மை. ராண்டி 1982 மார்ச்ல விமான விபத்துல 25 வயசுல போயிட்டாரு, அந்த இழப்ப நினைச்சா இன்னும் ஆறல. ஆனா அது ஓஸியோட கதை, சபாத்தோட கதை இல்ல.

குரல் போனா குழு அதே குழுவாங்கிற கேள்வி நமக்குத் தூரத்து விஷயமும் இல்ல. பினாங்குல இருந்து வந்த நம்ம ஆலிகேட்ஸ் குழு, லோகநாதன் (லோகா), டேவிட் ஆறுமுகம்னு அண்ணன் தம்பி பாடின குழு, மலாய்ப் பாட்டுல நாட்டையே கட்டிப்போட்டவங்க. 2007-ல லோகா போனதும் டேவிட் தொடர்ந்து பாடினாரு, பினாங்குக்காரங்ககிட்ட கேட்டா கண்ணு கலங்கப் பேசுவாங்க, ஆனா டேவிட் பாட வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. டியோவ சபாத்தா ஏத்துக்காதவங்ககிட்ட நான் எப்பவும் இதச் சொல்லுவேன்.

என் முடிவச் சொல்லாம தப்பிக்க விரும்பல. 1970-ல இருந்து 1975 வரைக்கும் வந்த ஆறு ஆல்பம்தான் உச்சம். டியோவ விட ஓஸி நல்ல பாடகருங்கிறதுக்காக இல்ல, பாடகர்னு பார்த்தா டியோ பல மடங்கு மேல. 'ஹெவன் அண்ட் ஹெல்' மாதிரி ஒரு ஆல்பத்த, அதே தரத்துல இல்லாட்டியும் அதே வழில, ரெயின்போ ஏற்கனவே பண்ணிட்டு இருந்தாங்க, பின்னாடி வந்த வேற குழுக்களும் பண்ணாங்க. முதல் ஆறு ஆல்பம் அந்த நாலு பேரால மட்டும்தான் வந்திருக்க முடியும், நுனி இல்லாத ரெண்டு விரல், ரேஞ்ச் இல்லாத ஒரு குரல், புத்தகம் படிச்சுப் படிச்சுப் பயந்த ஒரு பேஸ்காரர், ஜாஸ் கேட்டு வளர்ந்து ராக்குக்கு வந்த ஒரு டிரம்மர். பில் வார்ட் தாளத்துல ஒரு ஆட்டம் இருக்கும், நேரா அடிக்காம கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு வருவாரு, அந்தச் சாய்வு இல்லன்னா அயோமியோட ரிஃப் வெறும் பாரமா கீழ விழுந்திருக்கும். 2013-ல ஓஸியோட திரும்ப வந்து '13'னு ஆல்பம் போட்டாங்க, அமெரிக்காலயும் இங்கிலாந்துலயும் முதல் இடம், ஒப்பந்தத் தகராறுல பில் அதுல இல்ல, எனக்கு அந்தக் குறை ஒவ்வொரு பாட்டுலயும் கேக்குது.

அதனாலதான் 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் கச்சேரி எனக்கு அவ்ளோ முக்கியம். ஆஸ்டன்லயே இருக்கிற ஃபுட்பால் மைதானம், அவங்க வளர்ந்த இடத்துக்குப் பக்கத்துலயே, 2005-க்கு அப்புறம் முதல் தடவையா பில் வார்டும் சேர்ந்து நாலு பேரும் ஒரே மேடைல. பார்க்கின்சன் நோயால நிக்க முடியாம ஓஸி ஒரு கருப்பு சிம்மாசனத்துல உக்காந்து பாடினாரு. சபாத்தா வாசிச்சது நாலு பாட்டு, 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்', நாலும் 1970-ல வந்தது. பதினேழு நாள்ல அவரு போயிட்டாரு. டியோ கட்சி இதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கு, அந்த உடம்புக்கு அந்த நாலு பாட்டுதான் தாங்கும், ஜனத்துக்குத் தெரிஞ்ச பாட்டும் அதுதான், இதுல இருந்து எது சிறந்த காலம்னு முடிவு பண்ண முடியாதுன்னு. அந்த வாதத்துல நியாயம் இருக்கு. ஆனா அந்த 'வார் பிக்ஸ்'அ ஹெட்ஃபோன் போட்டு பில்ல மட்டும் கவனிச்சுக் கேளுங்க, 77 வயசு மனுஷன், வேகம் குறைஞ்சிருந்தும் அந்தச் சாய்வ விடாம அடிக்கிறாரு, அயோமி அதுமேல ஏறி வர்றாரு, அப்புறமா என்கூட வந்து சண்டை போடுங்க.